மலையில் ஒரு தண்ணீர்க் காவலன்

சுங்கை பஞ்சாங் பக்கம் வயல் வரப்பில் நடக்கும்போது, வாய்க்காலில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? தஞ்சோங் காராங் பாசனத் திட்டத்தில் ஏறத்தாழ 19,000 ஹெக்டர் நெல் வயல்கள் உள்ளன. அவற்றுக்கு நீர் கொடுப்பது பெர்னாம் ஆறு. அந்த ஆறு பிறப்பதோ தொலைவிலுள்ள தித்திவங்சா மலைத்தொடரில். அங்கே நமக்காகத் தண்ணீரைக் காத்து நிற்கும் மரங்களில் ஒன்றுதான் மெம்பெனிங்.

குளிர்நாட்டு உறவு

கோலக்குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக வெப்பம் குறையும். 1,000 மீட்டரைத் தாண்டியபின் காடே மாறிவிடும். மெராந்தி மரங்கள் குறையும். மெம்பெனிங் இனங்கள் பெருகும்.

ஐரோப்பாவின் ஓக் மரமும், நாம் அவித்துத் தின்னும் பெராங்கானும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெராங்கான் காயை முள்தோல் மூடியிருக்கும். மெம்பெனிங் காயோ, சிறு கிண்ணத்தில் உட்கார வைத்த கோலிக்குண்டு போலிருக்கும். ஓடு மிகக் கடினம். இதன் பெரும்பிரிவுக்குத் தாவரநூலார் இட்ட பெயர் லித்தோகார்ப்பஸ். கிரேக்க மொழியில் ‘கல்காய்’ என்று பொருள்.

அணில் போட்ட விதை

நம் பால்மரக் கொட்டை வெயிலில் ‘படார்’ என்று வெடித்துத் தூரப்போய் விழும். மெம்பெனிங் கொட்டைக்கு அந்த வித்தை தெரியாது. காற்றில் பறக்க இறக்கையும் இல்லை. விழுந்த கொட்டையை அணிலும் காட்டெலியும் தூக்கிச் சென்று, பிறகு தின்னலாம் என்று மண்ணில் புதைக்கும். தின்ன மறந்தது முளைக்கும். ஆகவே, காட்டை வெட்டி, அணிலையும் விரட்டிவிட்டால் இந்த மரம் தானாகத் திரும்பி வருவது மிகக் கடினம்.

பஞ்சு போன்ற தரை

இம்மலைகளை அடிக்கடி மேகம் தழுவும். கிளைகளில் அடர்ந்த பாசி அந்த ஈரத்தை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக இறக்கும். உதிர்ந்த தடித்த இலைகள் தரையில் மெத்தைபோல் மக்கி, மழைநீரைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். வேர்கள் சரிவு மண்ணை இறுகப் பிடித்திருக்கும்.

மரம் போனால் என்ன ஆகும்? கேமரன் மலையைப் பாருங்கள். 1963இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் பின்னுள்ள ரிங்லெட் நீர்த்தேக்கத்தில், வெட்டவெளியான சரிவுகளின் மண் வந்து படிந்து, நீர் தேங்கும் இடம் சுருங்கிப்போனது. 2013 அக்டோபரில் பெருமழை கொட்டியபோது அணையைத் திறந்துவிட நேர்ந்தது. கீழே பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று.

பெற்றோர்களே, மலை நமக்குத் தூரந்தான். ஆனால் அதன் தண்ணீர் நம் வாசலுக்கு வருகிறது. பள்ளி விடுமுறையில் ஃபிரேசர் மலைக்குப் போனால், பாதையோரம் கிடக்கும் கிண்ணக் கொட்டையைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கிடந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். அதை நடுவதற்கு அங்கே ஓர் அணில் காத்திருக்கும்.