கணிப்பொறியும் கற்பித்தலும்

கணிப்பொறி வகுப்பறைக்குள் வந்துவிட்டதே, இனி ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று மாணவர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இவ்வினாவிற்கு நடுநிலையோடு விடை கூறுவேனா என்னும் ஐயம் உங்களுக்கு எழுமாயின் அது நியாயமே. ஆகவே வாதத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு சிறு கழித்தல் கணக்கிலிருந்து தொடங்குகின்றேன்.

70-லிருந்து 24-ஐக் கழிக்க வேண்டும். விடை 46. ஒரு சிறுவன் 54 என்று எழுதுகின்றான். அது தவறு என்று சிவப்பு மையால் குறியிடுவது எளிது. அதனை எந்தப் பொறியும் செய்துவிடும். ஆனால் அந்த 54 எங்கிருந்து வந்தது?

அது இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு. அத்தகைய பிள்ளை 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும். வேறு சில பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்க நன்றாகவே தெரியும்; பூச்சியத்தைக் கண்டால் மட்டும் தடுமாற்றம். பூச்சியத்திலிருந்து 4 போகாது என்பதால் 4 என்றே எழுதிவிடுவர். இவர்கள் 52-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று பிழையின்றி எழுதுவர். காய்ச்சல் ஒன்று, நோய் இரண்டு. ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒருவன் பிழைப்பான், மற்றவன் பிழைக்கமாட்டான்.

இதனை மனத்திற்கொண்டு கற்பிக்கும் பொறிகளின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1953-ஆம் ஆண்டில் தம் மகள் பயின்ற கணக்கு வகுப்பைக் காணச் சென்றார். தாங்கள் எழுதியது சரியா தவறா என்பதைப் பிள்ளைகள் உடனே அறிய வழியில்லை. விரைந்து முடித்தவரும் காத்திருந்தனர். பின்தங்கியவரும் மற்றவரோடு சேர்ந்தே செல்ல வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க 1954-இல் அவர் ஒரு பொறியைச் செய்து காட்டினார். சரியான விடையை அமைத்தால்தான் அடுத்த கணக்கு வரும். அவர் கண்ட குறை உண்மையானது; எங்கள் வகுப்புகளில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருந்தபோது அதனை நாள்தோறும் கண்டிருக்கின்றேன். பொறிக்குப் பொறுமை உண்டு, சலிப்பு இல்லை. இதில் அது எங்களை வென்றுவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பொறியால் விடை சரியா என்று காட்ட முடிந்ததேயன்றி, 54 பிறந்த கதையைக் கேட்க முடியவில்லை.

அக்கதையைக் கேட்க முயன்றவர்கள் பிரவுன், பர்ட்டன் என்னும் இருவர். 1978-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரை ஒன்று 'பக்கி' என்னும் கணிப்பொறி விளையாட்டை விவரிக்கின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே கணிப்பொறி ஆசிரியராக இருப்பதில்லை. தவறாகக் கழிக்கும் மாணவனாக நடிக்கின்றது! ஆசிரியப் பயிற்சி பெறுபவர் அதற்குப் புதுப்புதுக் கணக்குகளைக் கொடுத்து, அது எந்த முறையில் தவறு செய்கின்றது என்று கண்டறிய வேண்டும். பிள்ளைகளின் தவறுகளுள் பல கவனக்குறைவால் நேர்வன அல்ல, ஓர் ஒழுங்கோடு நிகழ்வன என்பதை இது நன்கு காட்டிற்று. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் இப்படி ஒரு விளையாட்டு எங்கள் கைக்கு எட்டியிருக்குமானால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

நம் மாநிலத்திற்கு வருவோம். 2011-இல் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனாவினால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் அதன் வழியே வீட்டிற்குச் சென்றன. அது பேருதவியே. எனினும் வானொலியும் தொலைக்காட்சியும் பேசும். கேட்பவனுடைய சிலேட்டைப் பார்க்கமாட்டா. கணிப்பொறி அவ்வாறன்று. அதனோடு உரையாடலாம், செய்த வழியை முழுதும் எழுதிக் காட்டினால், எந்தப் படியில் தவறினோம் என்றுகூட இன்றைய செயற்கை அறிவுப் பொறிகள் பல வேளைகளில் சுட்டிக்காட்டும். சில வேளைகளில் அவையே தவறான வழியைத் துணிவாகக் கூறிவிடுவதும் உண்டு.

எனக்குள்ள கவலை வேறு. வீட்டுக் கணக்கைப் பொறியிடம் கொடுத்து விடையைப் பெற்றுக் குறிப்பேட்டில் எழுதிவரும் மாணவனை எண்ணிப் பாருங்கள். மறுநாள் ஆசிரியர் பார்க்கும் எல்லாக் குறிப்பேடுகளிலும் 46 என்றே இருக்கும். வகுப்பு கற்றுவிட்டது என்று கருதி அவர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவார். சிறுவனிடம் இருந்த 54 எங்கும் போகவில்லை. அது மறைக்கப்பட்டுவிட்டது. தசமக் கணக்கிலும், பின்னர் இயற்கணிதத்திலும் அது வேறு வேறு உருவில் தலைகாட்டும். அன்று அதன் வேரைத் தேடுவது எவருக்கும் எளிதன்று.

இதற்காகக் கணிப்பொறியைப் பூட்டிவைக்கச் சொல்பவன் அல்லேன். முதற் சில கணக்குகளைத் தாளில் தாமே செய்து, அடித்தல் திருத்தல்களோடு அப்படியே வைத்துக்கொண்டு, பின்னர் பொறியைத் திறவுங்கள். விடை மாறுபட்டால், அதன் விடையைப் பார்த்து எழுதிவிடாமல், உங்கள் வழியை அதற்குக் காட்டி, எங்கே பிசகிற்று என்று வினவுங்கள். அந்தத் தாளை மறுநாள் உங்கள் ஆசிரியரிடமும் காட்டுங்கள்.