ஒடுங்கிய குடத்தைச் சீர்செய்தல்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில், பாட்டி காலத்துப் பித்தளைக் குடத்தை இன்றும் காணலாம். அது கைதவறி விழுந்தால் கழுத்தில் ஒடுக்கு விழும், மூடி பொருந்தாது. உடனே அதனைப் பழைய எடைக்குப் போட்டுவிடுவோர் உளர். விரிசல் இல்லாத சிறிய ஒடுக்காயின், பெரியவர் துணையுடன் வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

முதலில் உலோகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. தட்டினால் வளைந்து கொடுக்கும். கேரளத்து வெண்கல உருளியோ வார்த்துச் செய்யப்பட்டது. அதில் செம்போடு வெள்ளீயம் மிகுதியாகக் கலந்திருப்பதால், அடித்தால் வளையாமல் விரிசல் விடும். ஆகவே அதனைத் தட்டலாகாது.

உருண்டை முனையுள்ள மரக்கட்டை ஒன்றை மேசை விளிம்பில் அசையாதவாறு கட்டுக. குடத்தின் கழுத்தை அக்கட்டையில் மாட்டி, ஒடுக்கின் உட்புடைப்பு கட்டையின்மேல் படியுமாறு ஒருவர் பிடித்துக்கொள்க. மற்றவர் வெளிப்புறத்தில், ஒடுக்கைச் சுற்றியுள்ள மேட்டைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுக. ஓரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக நடுவை நோக்கி வருக. இரும்புச் சுத்தி தகட்டில் தழும்பு பதிக்கும், அதனைத் தவிர்க்க. அவ்வப்போது மூடியை வைத்துப் பார்த்து, வாய் வட்டமாகிறதா என்று அறிக.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது ஒடிந்துவிடுகிறது அன்றோ? அதுபோலவே, அடிபட அடிபடப் பித்தளையும் இறுகி, இறுதியில் விரிசல் காணும். தகடு இணங்க மறுத்தால் நிறுத்திவிடுக. கன்னார் அதனைக் காய்ச்சி ஆறவிட்டு, மீண்டும் மென்மையாக்கித் தட்டுவர். விரிசல் இருப்பின் பற்றவைக்கும் பணியும் அவர்களுடையதே. குடிநீர்க் குடத்திற்குக் காரீயம் கலந்த பற்று ஆகாது என்பதை அவரிடம் சொல்லுக.

ஓர் எச்சரிக்கை: இம்முறையை வண்டியின் பெட்ரோல் தொட்டிக்கோ எரிவாயு உருளைக்கோ கையாளலாகாது. காலியான தொட்டியிலும் ஆவி தங்கியிருக்கும். சிறு தீப்பொறியும் உயிரைப் பறிக்கும்.

சீர்செய்த குடத்தில் ஓரிரு தழும்புகள் எஞ்சலாம். நீர் ஒழுகாமல், மூடி பொருந்தினால் போதும். பாட்டியின் குடம் மீண்டும் பயன்படும்.

அருஞ்சொற்பொருள்
ஒடுக்கு – அடிபட்டு உள்வாங்கிய பள்ளம்
கொட்டாப்புளி – மரத்தாலான சுத்தி
கன்னார் – செம்பு, பித்தளை, வெண்கலத் தொழில் செய்வோர்

விடையளிக்க
1. வெண்கல உருளியைத் தட்டலாகாது, ஏன்?
2. உம் வீட்டில் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.