மந்தைக்கு ஒரு கூரை

தெருவில் வாசிப்பவர்களுக்கு இசைக்கூடம் கட்டுவதும் சபாவுக்கு அரங்கம் கட்டுவதும் ஒரே வேலை அல்ல. சபாவில் பாடகர் உட்கார்ந்திருப்பார், கேட்பவர்கள் எதிரே வரிசையாக இருப்பார்கள். நையாண்டி மேளக்காரரோ கரகாட்டம் ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே தவில் அடிப்பவர். கூட்டம் அவர்களைச் சுற்றி வட்டமாக நிற்கும். தென்மாவட்டங்களில் இதற்கென்று இருந்த இடம் மந்தை எனப்படும் ஊர்ப் பொதுத்திடல்.

அந்தத் தென்பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. அரையர் கையில் தாளத்தோடு பாசுரம் பாடி அபிநயிக்கும் இந்தக் கலைக்குக் கோயிலுக்குள் இடமும் முறையும் உண்டு. வெளியே ஊர்த் தெய்வங்களின் கொடை விழாக்களில் வாசிக்கும் நையாண்டி மேளம், தப்பு, உறுமி, வில்லுப்பாட்டுக் கலைஞர்களுக்கு அப்படி நிலையான இடம் இல்லை. திருவிழா முடிந்தால் அவர்கள் வேலை முடிந்தது. பூம்பூம் மாட்டுக்காரருக்கும் பேருந்து நிலையத்தில் பாடிப் பிழைப்பவருக்கும் அந்தத் திருவிழாவும் இல்லை.

கலைக்கு நிலையான இடம் தருவதற்கு ராஜபாளையத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே கலைக்காகக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். ஒரு வீடு ஊருக்குப் பொதுவாக முடியும் என்றால், ஒரு தெருமுனை ஏன் ஆகக்கூடாது?

அப்படித் தெருமுனையில் கட்டும் புதுக்கூடத்தில் முதலில் யோசிக்க வேண்டியது ஓசை. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்காகவே பிறந்த வாத்தியங்கள். நான்கு பக்கமும் மூடிய சிமென்ட் மண்டபத்தில் தவிலின் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழும். கேட்பவருக்கு இரைச்சல்தான் மிஞ்சும். வெட்டவெளியிலோ தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அதனால் மூன்று பக்கம் திறந்து, பின்பக்கம் மட்டும் சுவர் வைத்த உயரமான ஓட்டுக்கூரையே பொருத்தம். சுவர் ஓசையைக் கேட்பவர் பக்கம் திருப்பும், கூரை ஐப்பசி மழையைத் தாங்கும். கொடை விழாக்கள் குறைந்து கலைஞர்கள் வீட்டில் முடங்கும் அந்த மழை மாதங்களில்தான் கூடம் அதிகம் தேவைப்படும்.

மேடை உயரமாக இருக்கக்கூடாது. வில்லுப்பாட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து பாடுபவர். பக்கத்தில் பிரிமணையில் குடம் இருக்கும். முழங்கால் உயரத் திண்ணை அவருக்குப் போதும். ஆட்டக்காரர்களுக்கு நடுவே வட்டமான வெறுந்தரை வேண்டும், அதில் வழுக்கும் டைல்ஸ் பதிக்கவே கூடாது.

வரைபடம் போடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது நெருப்பை. தப்பு வாசிப்பவர் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காய்ச்சுவார். ஈரக்காற்றில் தளர்ந்த தோல் சூட்டில் இறுகும். விரலால் தட்டிப் பார்ப்பார், சுருதி ஏறவில்லை என்றால் மறுபடி அனலில் காட்டுவார். இதற்கென்று ஒரு மூலையில் கல் அடுப்பு வேண்டும். அது இல்லாத அரங்கம் தப்புக் கலைஞரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அக்கம்பக்கத்தாரின் தூக்கமும் முக்கியம். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு. ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும் அளவுக்குக் கூடத்தைச் சிறிதாகக் கட்டினால் பாதிச் சண்டை வராது.

அடுத்தது காசு. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 2003 முதல் உரிமம் பெற்ற இசைஞர்கள் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் வாசிக்கிறார்கள். கேட்பவர் போடும் காசு அவர்களுக்கே. இங்கும் முறை வைத்து வாசிக்கலாம். துண்டில் விழும் பணமும் கியூஆர் அட்டைக்கு வரும் பணமும் முழுவதும் வாசித்தவருக்கே போக வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஒருவர் இருந்தால், பலருக்கு அது கைத்தட்டலைவிடப் பெரிய உதவி.

பொதுக்கூடங்களுக்கு வரும் பெரிய ஆபத்து வாடகை. வருமானம் வேண்டுமென்று முகூர்த்த நாட்களில் கல்யாணத்துக்கு விடத் தொடங்கினால், சில ஆண்டுகளில் அது கல்யாண மண்டபமாகவே நின்றுவிடும். வாரத்தில் எந்தெந்த நாள் கலைஞர்களுக்கு என்பதை, அவர்களையே உட்காரவைத்துக் கேட்டு, அஸ்திவாரம் போடும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.