இளகும் தகடு, இளகாத வண்ணம்

ஹைதராபாத்தின் பேகம்பேட் என்றதும் பலருக்கும் பழைய விமான நிலையமே நினைவுக்கு வரும். 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் இயங்கத் தொடங்கும் வரை நகரின் வான்வாயிலாக விளங்கியது அது. நாம் இங்கே பேசவிருக்கும் அலங்காரக் கிண்ணத்துக்கும் விமானங்களுக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களில், விமானியின் தலைக்கு மேல் அமைந்த ஒளிபுகும் மூடி, அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி வளைத்துச் செய்யப்பட்டது. அவ்விமானங்களை ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகளுள் 152ஆம் பிரிவு, ‘ஹைதராபாத்’ என்னும் பெயரையே தாங்கியிருந்தது.

இன்று அதே தகடு கடைகளின் பெயர்ப்பலகைகளில் ஒளிர்கிறது. பலகை செய்வோரிடம் எஞ்சும் துண்டுகளே கிண்ணத்துக்குப் போதுமானவை. 3 மி.மீ. கனமும் 30 செ.மீ. விட்டமும் உள்ள நிறமற்ற வட்டத்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ‘காஸ்ட்’ வகையா என்று கேட்டு வாங்குதல் நலம். ‘எக்ஸ்ட்ரூடட்’ வகை சூட்டில் ஒரு திசையில் சுருங்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, காப்புத்தாளை உரித்து, மென்மையான சோப்பு நீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்பிரிட், தின்னர் ஆகியவை கூடாது. வளைத்த தகட்டில் அவை நுண்விரிசல்களை உண்டாக்கும். மழைக்காலத்தில் தகடு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதை 80 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்தாவிடில், சூடேறும்போது உள்ளே குமிழிகள் தோன்றும்.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய மின்சார ஓவனில், ஏறத்தாழ 160 டிகிரியில், சில நிமிடங்களில் தகடு துணிபோல் தொய்ந்துவிடும். கையுறை அணிந்து அதை எடுத்து, பருத்தித்துணி போர்த்திக் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் பாத்திரத்தின்மேல் இட்டால், மடிப்புகள் தாமாகவே அலையலையாய் விழும். பின்னர் அதை மெல்ல ஆறவிட வேண்டும். அக்ரிலிக் எரியும் பொருள். ஆகவே நெருப்புச் சுடர் அருகில் ஆகாது. சமையலுக்குரிய ஓவனைத் தவிர்த்து, காற்றோட்டமான இடத்தில் செய்வதே பாதுகாப்பு.

காஸ்ட் அக்ரிலிக்குக்குத் தன் பழைய வடிவம் மறப்பதில்லை. வளைவு கோணலாகிவிட்டால் மீண்டும் சூடாக்கினால் போதும். தகடு பெரும்பாலும் தட்டையாகத் திரும்பிவிடும். இழப்பு சற்று நேரமும் மின்சாரமுமே.

வண்ணத்துக்கு இந்தச் சலுகை இல்லை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் போலவே, இங்கும் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் தீட்டி உட்புறத்திலிருந்து காண்கிறோம். எனவே வரிசை தலைகீழாகும்: மயிலின் கண்ணும் இறகின் மெல்லிய கோடுகளும் முதலில், உடலின் நிறம் அடுத்து, பின்னணி இறுதியில். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. ஈரமாயிருக்கும்போது பிழையைத் துடைத்துவிடலாம். உலர்ந்து அதன்மேல் அடுத்த நிறம் ஏறிவிட்டால் திருத்த வழியில்லை. ஆகவே, வடிவம் முழுமனநிறைவு தரும் வரை தூரிகையைத் தொடலாகாது.

இதைத் தொழிலாகத் தொடங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு இவ்வேறுபாடு கணக்கேட்டுக்கும் உரியது. பத்துக் கிண்ணங்களில் இரண்டு வண்ணத்தில் கெட்டால், அவ்விரண்டின் தகடு, வண்ணம், உழைப்பு ஆகிய செலவுகள் மற்ற எட்டின் விலையில் அடங்க வேண்டும். பொருட்செலவை மட்டும் பார்த்து விலை வைப்போர், விற்கும்தோறும் நட்டமடைவர். 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில், ‘சிசு’ பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். ஆயினும் எஞ்சிய துண்டுகளில் முதல் பத்தைச் செய்து, எத்தனை தேறின என்று குறித்துக்கொண்டு வங்கிக் கிளைக்கு வருவதே சிறந்தது. எவ்வளவு கடன் தேவை, அதை எத்தனை மாதங்களில் அடைக்க இயலும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.