கல்லூரி இணைவு: பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளை மேற்பார்வையிடும் முறை

தானே பட்டம் வழங்க உரிமை இல்லாத ஒரு கல்லூரி, அவ்வுரிமை உடைய பல்கலைக்கழகம் ஒன்றின் பாடத்திட்டத்தையும் தேர்வையும் ஏற்றுக்கொண்டு வகுப்பு நடத்துவதற்குப் பெறும் அனுமதி இணைவு எனப்படும். செய்தித்தாள்களில் இது இணைப்பு என்றும் இணைப்பு அங்கீகாரம் என்றும் எழுதப்படுகிறது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டம் இயற்றி நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனங்கள் ஆகியவை மட்டுமே இந்தியாவில் பட்டம் வழங்கலாம். நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் இணைவில் இயங்குபவையே.

இதனால் ஒரு விசித்திரமான நிலை உண்டாகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு படித்த மாணவி, சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு நாளும் நுழையாமலேயே அதன் பட்டதாரி ஆகிவிடுகிறார். கற்பித்தவர் ஒருவர், சான்றளிப்பவர் வேறொருவர். தான் பார்த்திராத வகுப்பறைக்குப் பல்கலைக்கழகம் எப்படிப் பொறுப்பேற்கிறது என்பதே இணைவு முறையின் அடிப்படைக் கேள்வி. அதற்குக் கிடைத்துள்ள கருவிகள் இரண்டு: ஆய்வு, தேர்வு.

தோற்றம்

1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அது அன்று பாடம் நடத்தாது; தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும், அவ்வளவே. லண்டன் பல்கலைக்கழகமோ மறு ஆண்டே, 1858-ல், இணைவுக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டு, எவரும் தேர்வெழுதலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. அங்கே கழற்றி வைத்த சட்டையை நாம் இன்றும் அணிந்திருக்கிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். பாடம் நடத்தாத பல்கலைக்கழகத்தில் அவர்கள் தேர்வெழுதிப் பட்டம் பெற்றார்கள் என்பதில் அக்காலத்தவருக்கு வியப்பேதும் இல்லை.

முதல் அரை நூற்றாண்டில் இணைவு என்பது தேர்வுக்கு மாணவர்களை அனுப்பும் உரிமை என்ற அளவிலேயே இருந்தது. கல்லூரிக்குள் சென்று பார்க்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குப் பெரிதாக இல்லை. கர்சன் காலத்தில் வந்த 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இதை மாற்றியது. முறையான நிர்வாகக் குழு, தகுதியுள்ள ஆசிரியர்கள், கட்டடம், நூலகம், ஆய்வுக்கூடம், தொடர்ந்து நடத்தப் போதிய நிதி ஆகியவற்றைக் கல்லூரி காட்ட வேண்டும் என்று அது விதித்தது. கல்லூரித் தலைவரும் ஆசிரியர் சிலரும் கூடியவரை கல்லூரியிலோ அதன் அருகிலோ குடியிருக்க ஏற்பாடு வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. அக்கம்பக்கத்துக் கல்லூரியைக் கெடுக்கும் அளவுக்குக் கட்டணத்தில் போட்டி போடக் கூடாது என்பது இன்னொன்று. குடியிருப்பு விதி காலப்போக்கில் மறைந்தது. மற்றவை, இன்று கல்லூரிகள் நிரப்பும் விண்ணப்பத்தின் எலும்புக்கூடாக அப்படியே நிற்கின்றன.

எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரி

ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதற்கும் சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். மைசூர் (1916), ஆந்திரம் (1926), திருவிதாங்கூர் (1937) எனப் புதியவை தோன்றத் தோன்ற அதன் எல்லை சுருங்கியது. தமிழ்நாட்டுக்குள்ளும் மதுரை (1966), கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன் (இரண்டும் 1982), நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் (1990), சேலத்தில் பெரியார் (1997), வேலூரில் திருவள்ளுவர் (2002) என்று பிரிந்தன. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு மாவட்டமே அளவுகோல்: கல்லூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அம்மாவட்டத்துக்குரிய பல்கலைக்கழகத்தில்தான் அது இணைய முடியும். விருப்பப்பட்ட பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது.

தொழிற்கல்விக்கு அளவுகோல் துறை. மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும், சட்டக் கல்லூரிகள் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் மாநில அளவில் இணைக்கப்பட்டுள்ளன. பொறியியலில் இது எளிதாக நடந்துவிடவில்லை. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது அவை அந்தந்தப் பகுதிப் பல்கலைக்கழகங்களிலேயே இணைந்திருந்தன. பாடத்திட்டமும் வினாத்தாளின் கடுமையும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 2001-ல் அவை அனைத்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. சுமை மிகுந்தது என்று 2007-ல் அதைப் பிரித்து வட்டாரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கினார்கள். 2012-ல் திரும்பவும் ஒன்றாக்கினார்கள். பெரிதாக இருந்தால் கண்காணிக்க முடியவில்லை, சிறிதாகப் பிரித்தால் தரம் ஒன்றுபோல் இல்லை. இந்த இழுபறிக்கு இன்னும் முடிவு காணப்படவில்லை.

இணைவு பெறும் வழி

தனியார் கல்லூரி தொடங்க விரும்பும் அறக்கட்டளை அல்லது சங்கம், 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி முதலில் மாநில அரசின் அனுமதியைப் பெற வேண்டும். தொழிற்படிப்பானால் அதற்குரிய தேசிய அமைப்பின் ஒப்புதலும் வேண்டும்: பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம், ஆசிரியர் பயிற்சிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு, சட்டத்துக்கு இந்திய வழக்கறிஞர் குழு. இவற்றோடு பல்கலைக்கழக இணைவும் சேர்ந்தால்தான் மாணவர் சேர்க்கை செல்லும்.

நிலம் அடிப்படைத் தேவை. மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு இணைவு விதிமுறைகள் பெருநகரங்களில் குறைந்தது 2 ஏக்கரும் பிற இடங்களில் 5 ஏக்கரும் வில்லங்கம் இல்லாமல் கல்லூரியின் பெயரில் இருக்க வேண்டும் என்கின்றன. முதலில் கிடைப்பது தற்காலிக இணைவு. அதைக் குறித்த காலத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். குறைந்தது ஐந்தாண்டுகள் நிறைவாக நடத்திய பிறகே நிரந்தர இணைவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இணைவு கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதன்று என்பதைப் பலர் அறிவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, இத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கையுடன் கொடுக்கப்படுகிறது. ஒரே கல்லூரியில் இயற்பியலுக்கு நிரந்தர இணைவும் புதிதாகத் தொடங்கிய தரவு அறிவியலுக்குத் தற்காலிக இணைவும் இருக்கலாம். இன்னொரு படிப்புக்கு எதுவுமே இல்லாமல் விளம்பரம் மட்டும் இருக்கவும் கூடும்.

விண்ணப்பத்தின் மீது ஆய்வுக்குழு அறிக்கை தர, ஆட்சிக்குழுவாகிய சிண்டிகேட் முடிவெடுக்கும். பாடத்திட்டத்தைப் பாடவாரியான பாடத்திட்டக் குழுக்கள் வரைந்து, கல்விக் குழு நிறைவேற்றும். நாள்தோறும் கல்லூரிகளுடன் எழுத்துப் போக்குவரத்து நடத்துவது பதிவாளர் அலுவலகமும் இணைவுக்கென உள்ள பிரிவும்.

ஆய்வுக்குழு வரும் நாள்

ஆய்வுக்குழுவில் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வேறு கல்லூரிகளின் மூத்த ஆசிரியர்களும் இருப்பார்கள். நிலப் பத்திரம், கட்டட அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, நூலக இருப்புப் பதிவேடு, ஆய்வுக்கூடக் கருவிகள், கழிப்பறைகள், விடுதி எல்லாம் பார்ப்பார்கள். இவற்றில் பொய் சொல்வது கடினம்; ஒரே நாளில் கட்டடம் எழுப்ப முடியாது. ஆசிரியர் விவரத்தில்தான் ஓட்டை விழுகிறது.

எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர் என்பது விதியாக உள்ளது. பொறியியல் இளநிலைப் படிப்பில் அது 20 மாணவருக்கு ஒருவர். சம்பளமே கல்லூரியின் பெருஞ்செலவு என்பதால் அதைக் குறைக்க ஆசை எழுகிறது. ஆய்வு நாளன்று மட்டும் வந்து அமர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் ஆசிரியர்களைப் பற்றிக் கல்வி வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்தது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்னும் ஊழல் எதிர்ப்பு அமைப்பு அதைப் பட்டியலாகவே வெளியிட்டது. 2023–24 கல்வியாண்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவிலுள்ள 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில், 300-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தனர் என்பது அதன் குற்றச்சாட்டு. பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை ஏற்று விசாரணைக் குழு அமைத்தது. ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் தன் முன்னால் இருந்த கல்லூரியை மட்டுமே பார்த்தது. கல்லூரிகளின் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய வேலையை வெளியாள் ஒருவர் செய்யும்வரை விஷயம் வெளிவரவில்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைச் சில மாதங்களில் பார்த்து முடிக்க வேண்டிய அவசரமும் இதற்கொரு காரணம் என்று சொல்லலாம். ஆனால் காகிதத்தில் மட்டும் இருந்த அந்த ஆசிரியருக்காகக் கட்டணம் செலுத்தியவர் மாணவர்.

குறை கண்டால் பல்கலைக்கழகம் முதலில் விளக்கம் கேட்கும். பின்னர் சேர்க்கை இடங்களைக் குறைக்கலாம், குறிப்பிட்ட படிப்பை நிறுத்தலாம், கடைசியாக இணைவையே நீக்கலாம். கடைசி ஆயுதம் அரிதாகவே எடுக்கப்படுகிறது. நீக்கினால் இடையில் படித்துக்கொண்டிருப்பவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி உடனே எழும். கல்லூரி நிர்வாகங்களுக்கும் இது தெரியும். கள்ளக்குறிச்சி அருகே ஒரு தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மாணவியர் மூவர் 2016 ஜனவரியில் இறந்து கிடந்தபோது, அங்கு வசதியில்லை, கட்டணம் அதிகம் என்று மாணவர்கள் அதற்கு முன்பே முறையிட்டுப் போராடியிருந்தது வெளியே தெரியவந்தது. ஆய்வுக்குழுவின் படிவத்தில் மாணவரின் முறையீட்டுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்க வைத்த நிகழ்வு அது.

தேர்வு என்னும் இரண்டாவது கண்

கல்லூரி அனுப்பும் சேர்க்கைப் பட்டியலைச் சரிபார்த்துப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவருக்கும் பதிவெண் கொடுக்கிறது. அனுமதித்த இடங்களுக்கு மேல் சேர்க்கப்பட்டவர் பிடிபடுவது இந்த இடத்தில்தான். வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். விடைத்தாள்களில் பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டு, மதிப்பீட்டு முகாம்களில் பல கல்லூரி ஆசிரியர்கள் கூடித் திருத்துவார்கள். தன் மாணவரின் தாளைத் தானே திருத்த நேராமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

அகமதிப்பெண் மட்டும் கல்லூரியின் கையில் உள்ளது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி எழுத்துப் பாடங்களில் அது 40 விழுக்காடு. அகமதிப்பெண்ணில் எல்லாரும் முழுமதிப்பெண்ணுக்கு அருகிலும், பல்கலைக்கழகத் தேர்வில் பாதிப்பேர் தோல்வியும் என்றால் அங்கே வகுப்பு எப்படி நடந்தது என்பதை ஆய்வுக்குழு போகாமலே அறியலாம். பருவந்தோறும் வெளியாகும் கல்லூரிவாரித் தேர்ச்சி விவரமும் இவ்வகையில் பயன்படுகிறது. ஆயினும் எளிய வினாத்தாளால் தேர்ச்சி உயர்ந்ததா, நல்ல கற்பித்தலால் உயர்ந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

அதிகாரம் யாருக்கு

ஓசூரிலுள்ள அதியமான் பொறியியல் கல்லூரி தொடர்பான வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பல்கலைக்கழகங்களின் கையைக் கட்டியது. தொழில்நுட்பக் கல்வியில் 1987-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வந்த பிறகு, அதற்கு முரணான அளவில் மாநிலச் சட்டமும் பல்கலைக்கழக விதிகளும் செல்லா என்றது நீதிமன்றம். மத்தியக் குழு போதும் என்று சொன்னதைப் போதாது என்று கூறி இணைவை மறுக்க முடியாது என்றே கல்லூரிகள் இதைப் புரிந்துகொண்டன. கால் நூற்றாண்டுக்குப் பின், கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வழக்கில் 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம், மத்தியக் குழு விதிப்பது குறைந்தபட்ச அளவே. பல்கலைக்கழகம் அதைவிடக் கூடுதல் தரத்தைக் கேட்கலாம் என்று தெளிவாக்கியது. பட்டச் சான்றிதழில் பெயர் பல்கலைக்கழகத்துடையது என்றால், தரத்தைக் கேட்கும் உரிமையும் அதற்கு வேண்டும் என்பது சரியாகவே படுகிறது.

தன்னாட்சி

கோத்தாரி ஆணையம் (1964–66) சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்று பரிந்துரைத்தது. சென்னை லயோலா, மதுரை அமெரிக்கன் போன்ற கல்லூரிகள் 1978-லேயே அதைப் பெற்றன. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அதாவது பல்கலைக்கழகத்தின் இரண்டாவது கண் அங்கே மூடப்படுகிறது. பாடத்திட்டக் குழுவிலும் ஆட்சிக் குழுவிலும் அமரும் பல்கலைக்கழகப் பிரதிநிதியே எஞ்சுகிறார். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இணைவு முறையையே 15 ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட்டு, கல்லூரிகள் தாமே பட்டம் வழங்கும் நிலைக்குச் செல்ல வேண்டும் என்கிறது. லயோலா போன்றவற்றுக்கு அது இயலும். ஒரு துறைக்கு மூன்று ஆசிரியர் மட்டுமுள்ள சிற்றூர்க் கல்லூரியின் பட்டத்தை எந்த வேலைதருநர் மதிப்பார் என்பதற்கு அக்கொள்கையில் நேரான விடை இல்லை.

சேருமுன் பார்க்க வேண்டியவை

கல்லூரியின் விளம்பரத்தில் ‘பல்கலைக்கழக இணைவு பெற்றது’ என்றிருந்தால், தாம் சேரவிருக்கும் படிப்புக்கும் சேரும் கல்வியாண்டுக்கும் இணைவு உண்டா, எத்தனை இடங்களுக்கு என்று பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள பட்டியலில் மாணவர் பார்க்க வேண்டும். ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்பது இணைவு ஆகாது. தொழிற்படிப்பானால் தேசிய அமைப்பின் ஒப்புதல் ஆணையில் அவ்வாண்டைக் காட்டச் சொல்லலாம். சேர்ந்தபின் முதல் பருவத் தேர்வுக்கு முன்பே பதிவெண் வந்துவிட்டதா என்று கவனிக்க வேண்டும். கல்லூரி காரணம் சொல்லிக் காலம் கடத்தினால், முதல்வர் அறைக்கு வெளியே காத்திருப்பதைவிடப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புவது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆய்வுக்குழு அறிக்கையின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.