15 சுற்று 12 ஆன பத்தாண்டு

1980இல் உலகப் பட்டத்துக்கான தொழில்முறைக் குத்துச்சண்டை என்றால் 15 சுற்று. பத்தாண்டு முடிவதற்குள் அது 12 ஆகச் சுருங்கியது. அந்தக் கடைசி மூன்று சுற்றுகளுக்கு ஓர் உயிர் விலையாகப் போனது.

முகமது அலியின் காலம் 1981இல் முடிந்தது. ரசிகர்களின் பார்வை ஹெவிவெயிட்டிலிருந்து நடுத்தர எடைப்பிரிவுகளுக்குத் திரும்பியது. சுகர் ரே லியோனார்ட், ராபர்ட்டோ துரான், தாமஸ் ஹெர்ன்ஸ், மார்வின் ஹேக்லர் ஆகிய நால்வரும் 1980 முதல் 1989 வரை தங்களுக்குள் ஒன்பது முறை மோதினார்கள்.

15 சுற்றின் மகத்துவத்தைக் காட்டியது 1981 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த லியோனார்ட் – ஹெர்ன்ஸ் சண்டை. 12 சுற்று முடிந்தபோது மூன்று புள்ளி அட்டைகளிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னிலை. லியோனார்டின் இடக்கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. 13ஆவது சுற்றில் அவர் சரமாரியாகக் குத்தி ஹெர்ன்ஸைக் கயிற்றில் சாய்த்தார். 14ஆவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தி லியோனார்டை வெற்றியாளராக அறிவித்தார்.

அடுத்த ஆண்டு நவம்பர் 13 அன்று, அதே ஊரில், அதே 14ஆவது சுற்று ஓர் உயிரைப் பறித்தது. லைட்வெயிட் பட்டத்துக்காக ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, வலக்கைக் குத்து வாங்கி விழுந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தவரால் நிலையாக நிற்க முடியவில்லை. மூளையில் ரத்தக் கசிவு. அறுவை சிகிச்சை செய்தும் சில நாட்களில் இறந்தார். அமெரிக்காவே தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்த சண்டை அது.

களைத்த உடல் தற்காத்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. தலையில் விழும் குத்துகளோ கூடிக்கொண்டே போகின்றன. இதை உணர்ந்த உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 1983 முதல் பட்டப் போட்டிகளை 12 சுற்றாகக் குறைத்தது. உலகக் குத்துச்சண்டைச் சங்கம் 1987இலும், சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு 1988இலும் அவ்வழிக்கு வந்தன. இடைவேளைகளைச் சேர்த்து 59 நிமிடம் நீண்ட சண்டை, 47 நிமிடத்துக்குள் அடங்கியது.

சண்டை உத்தியும் மாறியது. 1987இல் ஹேக்லரைச் சந்தித்த லியோனார்ட், 12 சுற்று என்பதை நிபந்தனையாக வைத்தே ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு ஓய்வுக்குப் பின் களமிறங்கிய அவர், நடுவர்கள் பிரிந்து அளித்த தீர்ப்பில் வென்றார். 1986இல் 20 வயதில் உலகப் பட்டம் வென்ற மைக் டைசனோ எதிராளிகளைப் பெரும்பாலும் முதல் சில சுற்றுகளிலேயே சாய்த்தார்.

12 சுற்றிலும் மரணங்கள் முற்றாக நின்றுவிடவில்லை. ஆனாலும் வீரனின் துணிச்சலுக்கு விதி ஒரு வரம்பு வகுக்க வேண்டும் என்பதை இந்த விளையாட்டு ஏற்றுக்கொண்டது அந்தப் பத்தாண்டில்தான்.