முதுமையும் முயற்சியும்

உடலுக்கு முதுமை வருதல் இயற்கை. அதனைத் தடுக்க வல்லார் எவருமிலர். ஆயினும், முதுமை வேறு, தளர்ச்சி வேறு. ஆண்டுகள் கூடுவதால் முதுமை வரும். உடலும் உள்ளமும் தொழிலின்றிக் கிடப்பதால் தளர்ச்சி மிகும். உழவில் இறங்காத கொழுவில் துரு ஏறுதல் போன்றது அது.

ஆடவர் பலருக்கு இத்தளர்ச்சி, பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரே விரைந்து வருகிறது. நாள்தோறும் நடந்து சென்ற வழியும், உடன் பணியாற்றிய நண்பரும், செய்து முடிக்க வேண்டிய கடமையும் ஒரே நாளில் நீங்கிவிடுகின்றன. சாய்வு நாற்காலியே துணையாகிறது. நடவாத கால்களில் தசைகள் மெலிகின்றன. அவை மெலிந்தால் நிலை தடுமாறி விழ நேர்கிறது. மீண்டும் விழுவோமோ என்னும் அச்சம் நடையை மேலும் குறைக்கிறது. உரையாடுவார் இன்மையால் உள்ளமும் சோர்கிறது.

இதற்கு மருந்து அரியதன்று. அறுபத்தைந்து வயதைக் கடந்தோரும் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் விரைநடை போன்ற மிதமான உடலுழைப்பில் ஈடுபடுதல் வேண்டும். மூன்று நாள்களேனும் வலிமையும் சமநிலையும் தரும் பயிற்சிகளைச் செய்தல் வேண்டும். இவ்வாறு உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நோயுடையோர் மருத்துவரைக் கேட்டு, இயன்ற அளவே செய்தல் நன்று.

உடலுக்குப் பயிற்சி போன்று, உள்ளத்திற்கு ஈடுபாடு இன்றியமையாதது. இதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிறந்த சான்றாவார். 1855-இல் பிறந்த அவர், 1919-இல் சென்னை மாநிலக் கல்லூரியினின்று ஓய்வு பெற்றார். ஆனால், ஏட்டுச் சுவடிகளை விட்டு அவர் ஓய்ந்தாரில்லை. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராய் விளங்கினார். 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது அவர்தம் வயது 82. 1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' என்னும் தம் வரலாற்றை எழுதிவந்தார். 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. வாழ்நாள் முடிந்தது, முயற்சி முடியவில்லை.

முதியோர் அனைவரும் பெரும்புலவராதல் இயலாது. எனினும், செடிகளுக்கு நீர் வார்த்தல், கடைக்குச் சென்று வருதல், பேரக்குழந்தைகளுக்குக் கணக்குக் கற்பித்தல் ஆகியன அவர்க்கு இயல்வனவே. இளையோர் சிலர், "தாத்தா, நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள்" என்று கூறி, இவற்றையும் தாமே செய்துவிடுகின்றனர். அது அன்பின் செயலே. ஆயினும், முதியவருடைய கால்களின் வலிமையையும், தாம் வேண்டப்படுகிறோம் என்னும் மகிழ்ச்சியையும் அவ்வன்பே குறைத்துவிடுகிறது. அவர் வலிமைக்கேற்ற பணியை அவரிடமே விட்டு, மாலையில் அவருடன் நடந்து, அவர் அறிந்தவற்றைக் கேட்டறிதலே முதியோரைப் பேணும் முறையாகும்.